ஒரே கம்பியில ரெண்டு பேரும் பேசணும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரல. குளோசிங், ஆடிட், அது முடிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்னு வண்டி ஓடிக்கிட்டே இருந்தது. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. திருவனந்தபுரத்துல காலையிலேர்ந்து விடாத மழை. தங்கமணி சாலை பஜாருக்கு சாமான் வாங்கப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடணும் :-)

போன வாரம் கிளையில புதுசா சேர்ந்த நம்மூர்ப் பையன் ஒருத்தர் கேட்டார்.

“சார், ஊர்ல அப்பா அம்மா வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் போடணும். ரெண்டு மூணு பிளான் பாத்து வச்சிருக்கேன். எதைப் போடலாம்?”

“அப்லோட் எவ்வளவுன்னு போட்டிருக்கு?”

அவர் சிரிச்சார். “அவங்க என்ன சார் அப்லோட் பண்ணப் போறாங்க? சீரியல் பாப்பாங்க, நம்மகிட்ட பேசுவாங்க. அவ்வளவுதான்.”

நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். “நம்மகிட்ட பேசுவாங்க”ன்னு சொன்னார் இல்ல, அதுதான் அப்லோட். அது எனக்கு மண்டையில ஏற எங்க அப்பாவோட கால் விரல் ஒண்ணு போக வேண்டியிருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

2007-ல ஆபீசரா எனக்கு முதல் போஸ்டிங்கே இந்த ஊர்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து வந்தவனுக்கு தம்பானூர்ல இறங்கி போர்டு படிக்கவே ஒரு வாரம் ஆச்சு. கிளைக்கு அப்பதான் கோர் பேங்கிங் வந்திருந்தது. கிளைக்கும் டேட்டா சென்டருக்கும் நடுவுல லீஸ்டு லைன். வேகம் 64 கே.பி.பி.எஸ். இன்னைக்கு உங்க ஃபோன்ல ஒரு குட்மார்னிங் படம் வர்றதுக்கே அது பத்தாது. அன்னைக்கு அதை வச்சுத்தான் ஒரு கிளை முழுக்க கேஷ், கிளியரிங், டிராஃப்ட் எல்லாம் ஓடிச்சு. லைன் படுத்துட்டா பேக்கப்புக்கு ஐ.எஸ்.டி.என். ரெண்டும் படுத்துட்டா கஸ்டமர் நம்மள பாக்கற பார்வை இருக்கே, வங்கிக்காரங்களுக்குத் தெரியும்.

அந்த ஜூன் மாச மழையில ரோட்டுக்கு அடியில கேபிள்ல தண்ணி போயிடுச்சு. எங்க லீஸ்டு லைனுக்கு ரெண்டு ஜோடிக் கம்பி ஓடிக்கிட்டிருந்தது. ஒரு ஜோடி போறதுக்கு, ஒரு ஜோடி வர்றதுக்கு. அதுல ஒரு ஜோடி அவுட். தெருவுல வேற நல்ல ஜோடியும் காலி இல்ல. நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன். லைன் பாக்க வந்த சேட்டன் பையிலேர்ந்து வேற ஒரு மோடத்தை எடுத்தார். “ஒரு ஜோடி மதி சாரே”ன்னார். ஒரே ஜோடியில மாட்டினார். விளக்கு மினுக்கி மினுக்கி அரை நிமிஷத்துல நிலையா எரிய ஆரம்பிச்சது. லைன் வந்திடுச்சு. அதே 64, போறதும் வர்றதும் ரெண்டும்.

எனக்கு ஆச்சரியம் தாங்கல. நான் பி.காம். கரண்ட்டுன்னா ஷாக் அடிக்கும்ங்கற அளவுக்குத்தான் தெரியும். ஒரே கம்பியில ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பினா ரெண்டும் மோதிக்காதா? சேட்டன்கிட்ட கேட்டேன். டீ குடிச்சுக்கிட்டே சொன்னார். அவர் பாதி மலையாளத்துல சொன்னதை நான் என் பாஷையில, அதாவது கணக்குப்பிள்ளை பாஷையில சொல்றேன்.

பேங்க் ரீகன்சிலியேஷன் தெரியும்ல? பாஸ்புக்ல ஒரே ஒரு மொத்தம்தான் நிக்குது. அதுல நான் போட்டதும் இருக்கு, அடுத்தவர் போட்டதும் இருக்கு. பிரிச்சு எழுதி இல்ல. ஆனா நான் எவ்வளவு போட்டேன்னு என் லெட்ஜர்ல இருக்கு. மொத்தத்துலேர்ந்து என்னோடதைக் கழிச்சா மீதி அவரோடது. அவ்வளவுதான். கம்பியில எந்த நொடியிலும் இருக்கற மின்னழுத்தம் ரெண்டு பேர் அனுப்பினதும் சேர்ந்த கூட்டல். நான் என்ன அனுப்பினேன்னு என் மோடத்துக்குத் தெரியும். அதைக் கழிச்சுட்டா மிச்சம் இருக்கறது எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தது. எதிர்ப்பக்க மோடமும் இதே கணக்கைப் போடுது. இதுக்கு எக்கோ கேன்சலேஷன்னு பேர். நம்ம எதிரொலியை நாமே அழிச்சுக்கறது.

சொல்றதுக்கு சுலபம், செய்யறது கஷ்டம். நான் அனுப்பினது அப்படியே என்கிட்ட திரும்பி வராது. கம்பியில நடுவுல ஜாயின்ட் இருக்கும், ஒரு இடத்துல தடிமன் மாறும், ஈரம் இருக்கும். ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் முட்டித் திரும்பும். நூறு ரூபாய் போட்டா உடனே முப்பது, கொஞ்சம் கழிச்சு பதினொண்ணு, அப்புறம் நாலுன்னு தவணையில திரும்பி வர்ற மாதிரி. அந்தத் தவணைக் கணக்கை மோடம் முதல்ல கத்துக்கணும். அதுக்குத்தான் அந்த அரை நிமிஷ மினுக்கல். அதுக்கப்புறமும் வெயில் மழைக்குத் தகுந்தாப்புல விடாம திருத்திக்கிட்டே இருக்கணும். இன்னொரு சங்கடம், நம்ம எதிரொலி பெருசு, எதிர்ப்பக்கத்து சிக்னல் சிறுசு. நீளமான கம்பியா இருந்தா அது சுமார் 40 டெசிபெல் தேய்ஞ்சு வரும். அதாவது சக்தியில பத்தாயிரத்துல ஒரு பங்கு. பத்தாயிரம் ரூபாய் என்ட்ரிக்கு நடுவுல ஒத்த ரூபாயைத் தேடற வேலை. கழிக்கறதுல துளி பிசகினா அந்த ஒத்த ரூபாய் காணாமப் போயிடும்.

இது ஒண்ணும் கம்ப்யூட்டர் காலத்து யோசனையும் இல்ல. தந்தி காலத்துலயே வந்துடுச்சு. 1853-ல ஆஸ்திரியாவுல கின்ட்ல்ங்கறவர் ஒரே கம்பியில ரெண்டு பக்கமும் தந்தி அனுப்பிப் பாத்தார். 1872-ல அமெரிக்காவுல ஸ்டேர்ன்ஸ் அதை ஒழுங்கா வேலை செய்ய வச்சு பேடன்ட் வாங்கினார். நம்ம நாட்டுத் தந்தி இலாகாவுல இருந்த லூயி ஷ்வெண்ட்லர் இதோட கணக்கை எழுதி 1870-கள்ல கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி பத்திரிகையில போட்டார். காரணம் எல்லாருக்கும் ஒண்ணுதான், காசு. ஆயிரம் மைலுக்கு இன்னொரு கம்பி இழுக்கறதை விட ரெண்டு முனையிலயும் ஒரு பெட்டி வைக்கறது சீப்பு. ஐ.எஸ்.டி.என். வந்தப்போ அதே காரியத்தை ஒரு ஜோடி ஃபோன் கம்பியில நொடிக்கு 1,60,000 பிட்டுன்னு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல செஞ்சாங்க.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. லீஸ்டு லைனோ ஐ.எஸ்.டி.என்.னோ, போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே அளவு. 64-ன்னா ரெண்டு பக்கமும் 64. வங்கிக்கு அப்படித்தான் வேணும். கிளையும் அனுப்பும், தலைமையும் அனுப்பும். யார் பெரியவர்ங்கற பேச்சு கம்பியில கிடையாது :-)

வீட்டுக்கு வந்த பிராட்பேண்ட் வேற மாதிரி. பேர்லயே இருக்கு, ஏ.டி.எஸ்.எல். அந்த ‘ஏ’வுக்கு அர்த்தம் ‘சமமில்லாத’. அதே செம்புக் கம்பி ஜோடிதான். ஆனா பெரும்பாலும் கழித்தல் கணக்கு கிடையாது, பாகப்பிரிவினை. 4 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் நம்ம குரலுக்கு. சுமார் 25-லேர்ந்து 138 வரைக்கும் நாம அனுப்பறதுக்கு. 138-லேர்ந்து 1,104 வரைக்கும் நமக்கு வர்றதுக்கு. கழிச்சுப் பாருங்க. போறதுக்கு சுமார் 113, வர்றதுக்கு 966. எட்டரை மடங்கு. அண்ணன் தம்பிக்குள்ள இப்படி சொத்து பிரிச்சா கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க.

ஏன் இப்படி? இதுக்கு நியாயமான காரணம் உண்டு, மறைக்கக்கூடாது. எக்ஸ்சேஞ்சுக்குப் போற கேபிள்ல நூத்துக்கணக்கான ஜோடி ஒண்ணா நெருக்கிக் கட்டிக் கிடக்கு. எல்லா வீட்டுலேர்ந்தும் வர்ற சிக்னல் எக்ஸ்சேஞ்சுக்கிட்ட தேய்ஞ்சு போய் வந்து சேரும். அதே இடத்துலேர்ந்து பக்கத்து ஜோடிகள்ல பலமான சிக்னல் கிளம்பும். ஒரே அலைவரிசையா இருந்தா பலசாலி சத்தத்துல நோஞ்சான் குரல் கேக்காது. என் எதிரொலியை நான் கழிச்சுக்கலாம், என் லெட்ஜர் என்கிட்ட இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் லெட்ஜர் என்கிட்ட இல்லையே! அதனால போறதுக்குத் தனி வழி, வர்றதுக்குத் தனி வழின்னு பிரிச்சு, வர்ற வழியைப் பெருசாக்கினா கம்பியில ரொம்ப தூரத்துக்கு நல்ல வேகம் கொடுக்கலாம்னு அமெரிக்காவுல பெல்கோர் ஆய்வகத்துல ஜோசப் லெக்லைடர் யோசிச்சார். அன்னைக்கு அவங்க மனசுல இருந்தது ஃபோன் கம்பி வழியா வீட்டுக்கு சினிமா அனுப்பறது. சினிமா பாக்கறவன் என்ன அனுப்பப் போறான்? ரிமோட்டை அமுக்கறது மட்டும்தான்.

அதாவது வீட்டுல இருக்கறவங்க பாக்கறவங்க, அனுப்பறவங்க இல்லைங்கற முடிவு கம்பியிலயே ஏறிப்போச்சு. அதுக்கப்புறம் நாம எல்லாரும் அந்தக் கம்பியில வீடியோ கால் பேச ஆரம்பிச்சோம்.

இப்ப அப்பா கதை.

2021 மே மாசம். கேரளாவுல 8-ஆம் தேதி லாக்டவுன், தமிழ்நாட்டுல 10-ஆம் தேதி. நான் டிரான்ஸ்பர்ல மறுபடியும் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வங்கி அத்தியாவசிய சேவை, அதனால தினம் கிளைக்குப் போகணும். அப்பாவும் அம்மாவும் ஊர்ல தனியா. தம்பி துபாய்ல. அப்பாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. கால் விரல்ல ஒரு சின்னப் புண்ணு, செருப்பு கடிச்சதுன்னார். ஆஸ்பத்திரிக்குப் போக பயம், அந்த நேரத்துல யாருக்குத்தான் பயம் இல்ல? வீடியோவுல டாக்டர் பாக்கலாம்னு 2020 மார்ச்லயே அரசாங்கம் வழிமுறை வெளியிட்டிருந்தது. வழக்கமா பாக்கற டாக்டர்கிட்ட கெஞ்சி ஒரு வீடியோ கால் ஏற்பாடு பண்ணினேன். பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டான். நான் இங்க கிளையில லாக்கர் ரூம் பக்கம் நின்னுக்கிட்டு மூணாவது ஆளா சேர்ந்துக்கிட்டேன்.

மூணாவது ஆளா இருந்ததாலதான் எனக்கு அது தெரிஞ்சது. என் ஸ்க்ரீன்ல டாக்டர் முகம் பளிச்சுனு இருக்கு. அப்பா முகம் கட்டம் கட்டமா, மொசைக் தரை மாதிரி இருக்கு.

“தம்பி, டாக்டர் நல்லா தெரியறார்ப்பா. சட்டைப் பையில பேனா கூடத் தெரியுது”ன்னு அப்பா சந்தோஷமா சொன்னார்.

டாக்டர், “ஐயா, காலைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க. இன்னும் கிட்ட. அசைக்காதீங்க”ங்கறார். பையன் ஃபோனைக் கிட்ட கொண்டு போறான். கொண்டு போகப் போக படம் இன்னும் உடையுது. கறுப்பா ஒரு திட்டு. அது நிழலா, மருந்தா, புண்ணோட நிறமான்னு யாருக்கும் தெரியல. அஞ்சு நிமிஷம் போராடிப் பாத்துட்டு, “சரிங்கய்யா, மாத்திரை மாத்தி எழுதறேன், ரெண்டு நாள் பாருங்க, குறையலைன்னா நேர்ல வாங்க”ன்னார். அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச வரைக்கும் சொன்னார்.

ரெண்டு நாள் கழிச்சு பையன் தானா ஒரு போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பினான். நான் அதை டாக்டருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல ஃபோன் வந்தது. “உடனே அட்மிட் பண்ணுங்க.” விரலை எடுத்தாங்க. காலைக் காப்பாத்தினாங்க. ரெண்டு நாள் முந்தியிருந்தா விரல் தப்பியிருக்குமான்னு டாக்டரும் சொல்லல, நானும் கேக்கல.

அன்னைக்கே போட்டோ அனுப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அனுப்பியிருக்கலாம். எங்க மூணு பேருக்கும் தோணல. அப்பாவுக்கு டாக்டர் தெளிவா தெரிஞ்சார், அதனால டாக்டருக்கும் தான் தெளிவா தெரியறோம்னு அவர் நினைச்சுக்கிட்டார். நமக்கு நல்லா தெரிஞ்சா லைன் நல்லா இருக்குன்னுதானே நாம எல்லாரும் நினைக்கிறோம்?

அப்புறம் அந்தப் பையனை வச்சு வேகம் பாக்கச் சொன்னேன். வீட்டுல இருந்தது ஃபோன் லைன்ல வர்ற செம்புக் கம்பி பிராட்பேண்ட். வர்றது அஞ்சு எம்.பி.பி.எஸ், போறது 0.4. (எம்.பி.பி.எஸ்-னா டாக்டர் படிப்பு இல்லீங்க, நொடிக்கு இத்தனை மெகாபிட் :-)) கம்பெனி பேர் வேண்டாம், அவங்க தப்பே இல்ல. அவங்க சொன்ன வேகத்தைக் கொடுத்தாங்க. போற வேகத்தைப் பத்தி அவங்களும் சொல்லல, நானும் கேக்கல, சட்டமும் கேக்கல.

இந்த “சட்டமும் கேக்கல”தான் இன்னைக்கு என் விஷயம்.

நம்ம நாட்டுல பிராட்பேண்ட்னா என்னன்னு அரசாங்கம் இலக்கணம் வச்சிருக்கு. 2004 பிராட்பேண்ட் கொள்கையில, குறைஞ்சது 256 கே.பி.பி.எஸ் டவுன்லோட். 2013-ல அது 512. 2023 ஜனவரியில 2 எம்.பி.பி.எஸ். கிட்டத்தட்ட இருபது வருஷத்துல எட்டு மடங்கு உயர்த்தினாங்க, நல்லது. ஆனா மூணு தடவையும் சொன்னது டவுன்லோட் மட்டும்தான். வீட்டுலேர்ந்து வெளியில போறதுக்குக் குறைஞ்ச அளவு எதுவும் கிடையாது. அமெரிக்காவுல இதே மாதிரி இலக்கணத்தை 2015-ல 25-க்கு 3-னு வச்சாங்க, 2024-ல 100-க்கு 20-னு மாத்தினாங்க. முதல் எண் வர்றது, ரெண்டாவது போறது. அவங்களோட பெரிய எண்களை நான் கேக்கல. ரெண்டாவது எண் ஒண்ணு இருக்குங்கறதைத்தான் கவனிக்கச் சொல்றேன்.

நான் இருக்கற இந்த மாநிலம் இந்த விஷயத்துல கொஞ்சம் முன்னாடி யோசிச்ச மாநிலம். 2019 செப்டம்பர்ல ஃபஹீமா ஷிரின் வழக்குல, ஹாஸ்டல் பொண்ணுங்க ராத்திரி நேரத்துல மொபைல் வச்சுக்கக்கூடாதுங்கற கட்டுப்பாட்டை எதிர்த்து வந்த வழக்கு அது, இன்டர்நெட் கிடைக்கறது கல்வி உரிமையிலயும் அந்தரங்க உரிமையிலயும் சேர்ந்ததுன்னு கேரள ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னது. 2023 ஜூன்ல கே-ஃபோன்னு மாநில அரசே ஃபைபர் வலையைத் திறந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமா கொடுக்கறதும் அதுல உண்டு. 2020 ஜூன் 1-ஆம் தேதி ஸ்கூல் திறக்க முடியாதப்போ கைட் விக்டர்ஸ் டி.வி.யில ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்பு ஆரம்பிச்சதும் இவங்கதான். பல வீட்டுல அது பெரிய உதவி. ஆனா டி.வி. வகுப்புல பிள்ளைங்க பாக்கலாம், கை தூக்க முடியாது. அதை டி.வி.ன்னு தெரிஞ்சேதான் செஞ்சாங்க. நாம பிராட்பேண்ட்னு பேர் வச்சுக்கிட்டு, அதையும் பாதி டி.வி. மாதிரி நடத்தறோம்ங்கறதுதான் என் வருத்தம்.

என் அக்கா பையன் டெலிகாம்ல இருக்கான். அவன்கிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சான். “மாமா, ஜனங்க பயன்படுத்தறதுல பெரும்பங்கு வீடியோ பாக்கறதுதான். கம்பியைச் சமமா பிரிச்சா பாதி சும்மா கிடக்கும். அதுவும் இல்லாம செம்புக் காலம் போச்சு. ஃபைபர்ல இந்தப் பிரச்சனை இல்ல”ன்னான்.

பாதி சரி. ஃபைபர்ல ஒரே இழையில ரெண்டு நிற ஒளி போகுது. நம்ம வீட்டுக்கு வர்றது 1,490 நானோமீட்டர், நாம அனுப்பறது 1,310. பக்கத்து இழையோட சத்தம் இதுல ஏறாது. பல ஃபைபர் பிளான்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே வேகம்னே போடறாங்க. லெக்லைடர் சொன்ன நியாயமான காரணம் அங்க கிடையாது. ஆனா ஃபைபர் எல்லா ஊருக்கும் போயிடுச்சா? நம்ம அப்பா அம்மாக்கள்ல நிறைய பேர் மொபைல் சிக்னலை நம்பித்தான் இருக்காங்க. வீட்டு மாடியில பெட்டி வச்சு 5ஜி-யில வர்ற பிராட்பேண்டும் வந்தாச்சு. அதுல ஒரே அலைவரிசையில போறதும் வர்றதும் முறை வச்சுக்கும், நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்னு. அந்த நேரத்தைப் பிரிக்கறதுலயும் வர்றதுக்குத்தான் பெரும்பங்கு. கம்பி போயி காத்து வந்தாலும் பாகப்பிரிவினை மாறல.

சமமா பிரிங்கன்னு நான் சொல்லல. வங்கிக்காரன் பாஷையில சொல்றேன். டெபாசிட்ல பாதியை ரிசர்வ் வங்கியில வைன்னு யாரும் சொல்றதில்ல. ஆனா சி.ஆர்.ஆர்-னு குறைஞ்சபட்சம் இத்தனை சதவீதம் கட்டாயம் வச்சாகணும். நல்ல நாள்ல அது சும்மா கிடக்கற பணம்தான். அப்பா காலைக் காட்டற அஞ்சு நிமிஷமும் அப்படித்தான், தினம் வராது. வர்ற அன்னைக்கு அது இருக்கணும். ஆகவே நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, பிராட்பேண்ட் இலக்கணத்துல அப்லோடுக்கும் ஒரு குறைஞ்ச எண்ணை எழுதுங்க. ஒரு முகம் தெளிவா போறதுக்கு ஒரு எம்.பி.பி.எஸ்-னாவது வைங்க. ரெண்டு, விளம்பரத்துல ரெண்டு எண்ணையும் ஒரே சைஸ் எழுத்துல போடுங்க. கடன் விளம்பரத்துல நுணுக்கி எழுதறதை நாங்களே நிறைய பாத்துட்டோம் :-)

அரசாங்கம் செய்யறப்ப செய்யட்டும். ஊரை விட்டு வந்த நாம நம்ம வீட்டுக்குச் செய்ய வேண்டியது இருக்கு. நம்மள்ல முக்காவாசி பேர் அப்பா அம்மாவுக்கு நெட் பில் கட்டறோம். கட்டறதுக்கு முன்னாடி நான் இப்ப பாக்கற விஷயங்கள்:

நம்ம பக்கத்துலேர்ந்து வேகம் பாத்துப் பிரயோஜனம் இல்ல. அவங்க வீட்டுல, அவங்க ஃபோன்ல பாக்கணும். டிராய் அமைப்போட மைஸ்பீட் ஆப்புல ரெண்டு எண்ணும் வரும். ரெண்டாவதை முதல்ல பாருங்க. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல ஒரு தடவை பாருங்க.

ஃபோன்ல போட்டோ பேக்கப் தானா ஓடும். அவங்களுக்குத் தெரியாது. அது போற வழியை அடைச்சுக்கும். போற வழி அடைஞ்சா வர்றதும் தடுமாறும், ஏன்னா வந்ததுக்கு ரசீது போனாத்தான் அடுத்தது வரும். பேக்கப்பை ராத்திரிக்கு மாத்தி வைங்க.

ஃபைபர் கிடைச்சா ஃபைபர் போடுங்க. ஆனா பழைய ஃபோன் எக்ஸ்சேஞ்சு பேட்டரியில ஓடிச்சு, கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேணும். சின்னதா ஒரு யு.பி.எஸ் சேர்த்து வாங்குங்க.

டாக்டர்கிட்ட வீடியோவுல காட்டறதா இருந்தா முன்னாடியே நல்ல வெளிச்சத்துல ரெண்டு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. போட்டோ மெதுவா போனாலும் முழுசா போகும். இதை எழுதறப்போ இப்பவும் எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

கடைசியா ஒண்ணு. கால் ஆரம்பிச்சதும் “நான் தெரியறேனா?”ன்னுதான் நாம கேக்கறோம். அவங்க “தெரியறப்பா”ங்கறாங்க. “நீங்க எனக்குத் தெளிவா தெரியல, உங்க பக்கம் ஏதோ சரியில்ல”ன்னு நாமதான் சொல்லணும். அவங்களா கண்டுபிடிக்க வழியே இல்ல. இந்த ஊர்ல இருக்கற நிறைய பேர் அம்மா முகம் கட்டம் கட்டமா வர்றதுக்குப் பழகிப்போயிட்டோம். குரல் கேட்டா போதும்னு விட்டுடறோம். அவங்க இளைச்சிருக்காங்களா, கண்ணு வீங்கியிருக்கா, வீடு பெருக்கியிருக்கா, இதெல்லாம் குரல்ல தெரியாது. எல்லாம் நல்லா இருக்கோம்பாங்க. அப்படித்தான் சொல்வாங்க.

எங்க வீட்டுல இப்ப ஃபைபர். அப்பா தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு காலையும் கேமராவுல காட்டறார். உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகால்னு வரிசையா. பொண்ணு பக்கத்துல உக்காந்து, “தாத்தா, லெஃப்ட்ல அந்தச் சின்ன வெடிப்புக்கு எண்ணெய் தடவுங்க”ன்னு சொல்றா. அவளுக்கு அது இங்கேர்ந்தே தெரியுது.

அந்தப் பையனுக்கு நான் எந்தப் பிளானும் சொல்லல. அப்பா அம்மா வீட்டுலேர்ந்து ரெண்டாவது எண்ணைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் இன்னைக்கு ஊருக்குப் பேசறப்போ பாத்துடுங்க. எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க.

தங்கமணி வந்தாச்சு. பை நிறைய நேந்திரங்காய். மீதி அடுத்த பதிவுல.